லிட்டர் பெட்டியைத் தாண்டிப் போகும் பூனை

எங்கள் வீட்டுச் சுக்கு ஒரு செவலைக் கடுவன். குட்டியாக வந்த அன்றே லிட்டர் பெட்டியைக் காட்டினோம். மோந்து பார்த்தது, கிளறியது, போனது, மூடியது. அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை. அப்படிப்பட்ட பூனை ஒரு சித்திரை மாத வெயிலில், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வேட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. கத்தி விரட்டினேன். நேராகக் குளியலறைக்குப் போய் அங்கேயும் குந்தியது. எழுந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம், லேசான ரோஸ் நிறத்தில்.

"வயிறு கட்டியிருக்கும் தம்பி, விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குல விடு" என்றார் கீழ்வீட்டு அக்கா. விட்டேன். மறுநாள் காலை கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மீனை மூக்குக்கு நேராக நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கால்நடை மருத்துவர் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் சாத்துக்குடி அளவில், கல் மாதிரி ஒன்று. "இது மலம் இல்ல சார், மூத்திரப்பை. நேத்தே தூக்கிட்டு வந்திருக்கணும்."

பெட்டியை விட்டு வெளியே போகிற பூனையை நாம் திமிர், அடம், பழிவாங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்கு எங்கேயோ வலிக்கிறது, இல்லையென்றால் பெட்டி பிடிக்கவில்லை, இல்லையென்றால் வீட்டில் ஏதோ ஒன்று அதை மிரட்டுகிறது. தேட வேண்டிய வரிசையும் இதேதான். உடம்பைப் பார்க்காமல் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தால் என்னைப் போல ஒரு நாளைத் தொலைப்பீர்கள்.

கடுவனுக்கு அடைத்துக்கொண்டால்

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது, முனையை நெருங்க நெருங்கக் குறுகலானது. படிகத் துகளும் சளியும் சேர்ந்து கட்டியாகி அதில் செருகிக்கொண்டால் சிறுநீர் மொத்தமாக நின்றுவிடும். சிறுநீரில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். முழு அடைப்பு விழுந்த பூனை ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகக்கூடும். பெட்டைக்குக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் இப்படி அடைப்பது அபூர்வம்.

அறிகுறிகள் கண்ணுக்கு முன்னால்தான் நடக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குந்துகிறது, சொட்டுக்கூட வருவதில்லை, குந்தும்போது கத்துகிறது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குகிறது. நேரமாக ஆக வாந்தி, சோர்வு. சிறுநீருக்கு முக்குவதும் மலத்துக்கு முக்குவதும் நம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். லிட்டரைக் கிளறிப் பாருங்கள். ஈரக் கட்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போன் போடும்போது முதல் வாக்கியமே "கடுவன் பூனை, மூத்திரம் வரல" என்று இருக்கட்டும். பெயர், வயது, ஜாதியெல்லாம் பிறகு.

நம் ஊர்க் கைவைத்தியத்தில் இந்த இடத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று வாழைத்தண்டுச் சாறு. நீர் பிரியும் என்று புகட்டுவார்கள். வாய் அடைத்த குழாய்க்குள் மேலும் தண்ணீரை ஏற்றுவதால் வீக்கம்தான் கூடும். இன்னொன்று பாரசிட்டமால். வலிக்கிறதே என்று குழந்தைக்கு உடைத்துக் கொடுப்பதுபோல் அரை மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடலாம். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வரவழைக்கவும் முயல வேண்டாம், பை கிழியும்.

சுக்குவை மயக்கத்தில் வைத்து மெல்லிய குழாய் செலுத்தி, உப்புநீரால் அலசி அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் குழாயோடும் டிரிப்ஸோடும் கிடந்தது. அடைப்பு வந்த பூனைக்கு அது திரும்பவும் வரலாம். அதனால் இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வைப்பது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் அங்கங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டு வைக்கலாம்.

அடைக்காத வலி

அடைப்பு இல்லாமலும் எரிச்சல், ரத்தம், அடிக்கடிக் குந்துவது எல்லாம் வரும். பரிசோதித்தால் பெரும்பாலும் கிருமி இருக்காது, கல்லும் இருக்காது. மூத்திரப்பையின் உள்சுவர் மட்டும் புண்பட்டு அழன்றிருக்கும். மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கும், பிறகு எப்போதாவது திரும்பும். இளம் பூனைகளில் கிருமித் தொற்று குறைவு என்பதால், மெடிக்கல் ஷாப்பில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் பிரயோசனமில்லை. கல் இருந்தால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்ட்ரூவைட் கல்லை மருத்துவ உணவால் கரைத்துவிடலாம்; ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும்.

இதில் பூனையின் கணக்கு ஒன்று இருக்கிறது. பெட்டியில் போகும்போதெல்லாம் வலித்தது, ஆகவே குற்றவாளி பெட்டி. அது மெத்தை, துணிக் குவியல், மிதியடி என்று மெத்தென்ற இடமாகத் தேடிப் போகும். நோய் தீர்ந்த பிறகும் பழைய பெட்டியை நம்பாது. வேறு பெட்டி, வேறு லிட்டர், வேறு மூலை என்று புதிதாகத் தொடங்கினால் சீக்கிரம் வழிக்கு வரும்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வறண்ட நிலத்தில், தின்ற இரையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு வாழ்ந்தது. அந்தப் பழக்கத்தில் நம் பூனைக்கும் தாகம் குறைவு, சிறுநீர் கெட்டி. மே மாதச் சென்னையில் வெறும் உலர்தீனி மட்டும் போட்டால் என்ன ஆகும்? ஈர உணவு கொடுங்கள், உப்பில்லாமல் மீன் அவித்த தண்ணீர் கொடுங்கள், அகலமான கிண்ணங்களில் நாலைந்து இடத்தில் தண்ணீர் வையுங்கள். கருவாடு வேண்டாம்.

வயதான பூனை

பத்து வயதைத் தாண்டிய பூனை சொட்டுச் சொட்டாக இல்லாமல் குளம் குளமாகப் போகிறது, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியாகிறது என்றால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. இன்னொரு காரணம் மூட்டுவலி. பூனை நொண்டிக் காட்டாது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். அதற்கு எட்டு அங்குல உயரப் பெட்டி ஒரு மதில் சுவர். பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வைத்தால் போதும்.

பெட்டியைப் பூனையாக நின்று பாருங்கள்

கொல்லையும் குப்பைமேடும் இருந்த வீட்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அமெரிக்காவில்கூட 1947இல் எட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண்ணை அறிமுகப்படுத்தும்வரை மணலையும் சாம்பலையும்தான் கொட்டி வைத்தார்கள். இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பூனைக்கு முழு உலகமும் அந்தப் பெட்டிதான்.

கடையில் விற்கும் பெட்டிகளில் பாதி குட்டிக்குத்தான் சரி. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். பூனை உள்ளே போய் முழுதாகத் திரும்ப வேண்டுமே. துணி அலசும் பெரிய டப்பே இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. மூடி போட்ட பெட்டி நம் மூக்குக்கு வசதி. அதற்குள் நாற்றத்தோடு நிற்பது பூனை.

எண்ணிக்கை, பூனைகளைவிட ஒன்று கூடுதல். பெட்டிகளை ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டி. இரண்டு பூனை இருக்கும் வீட்டில் ஒன்று நடைவழியில் படுத்து மற்றதை மறிக்கும். சண்டை சத்தமே கேட்காது, வெறும் முறைப்பு. மறிக்கப்பட்டது சோபாவுக்குப் பின்னால் போகும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கமும், திடீரென்று சுழலும் வாஷிங் மெஷின் பக்கமும், மத்தியானம் கொதிக்கும் பால்கனியும் உதவாது.

லிட்டர் நைஸாக, வாசனை சேர்க்காததாக, இரண்டு அங்குல ஆழத்தில் இருந்தால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கிறது. லாவெண்டர் மணம் பூனை கேட்டதல்ல. ஆஃபரில் கிடைத்தது என்று ஒரே நாளில் பிராண்டை மாற்றுவது நான் பார்த்தவரையில் அடிக்கடி நடக்கும் தப்பு. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். தினம் இரண்டு வேளை அள்ளி, வாரம் ஒரு தடவை சாதாரணப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால் போதும்.

சுவரில் அடிப்பது வேறு

நின்றபடியே வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ பீரோவிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது கழிப்பது அல்ல, எல்லை போடுவது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் ஏறக்குறைய 90 சதவீதக் கடுவன்களிடம் இது நின்றோ குறைந்தோ போகும். ஐந்தாறு மாத வயதிலேயே செய்துவிடலாம்.

ஃபினாயில் வாளியை ஓரம் கட்டுங்கள்

பூனை தரையில் போனால் நம் கை தானாகப் போவது ஃபினாயிலுக்கு. அதில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் சரியாக முறிக்காது. ஈரத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், உள்ளே போகும். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் பெரும்பாலும் இந்த ரகமே. பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனர் பூனைக்குச் சிறுநீர் மாதிரியே மணக்கும், ஆகவே மறுபடி அதே இடம்.

முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை நன்றாக நனைய ஊற்றிப் பதினைந்து நிமிடமாவது விடுங்கள். மெத்தையில் என்றால் எவ்வளவு ஆழம் சிறுநீர் இறங்கியதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் இறங்க வேண்டும். எந்த இடம் என்று தெரியவில்லையா? இரவில் விளக்கை அணைத்து யுவி டார்ச் அடித்தால் கறை மினுங்கும். நான் அடித்துப் பார்த்த இரவில் ஷூ ஸ்டாண்டும் மினுங்கியது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் என்ன மாறியது

பெயின்ட் அடித்தது, ஊரிலிருந்து உறவினர் வந்து பத்து நாள் தங்கியது, தீபாவளி வெடி, ஜன்னலுக்கு வெளியே புதிதாக வந்து உட்காரும் தெருப் பூனை. நமக்குச் சின்ன விஷயம். பூனைக்குத் தன் நிலம் பறிபோன கதை. காலண்டரில் தினமும் எங்கே போனது, எவ்வளவு என்று குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் காரணம் தட்டுப்படும். மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: இந்த மனிதர் கண்ணில் படாத இடத்தில் போக வேண்டும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில்

பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். கருவிலிருக்கும் குழந்தைக்கு அது கெடுதல். அந்த முட்டைகள் வெளியே வந்து தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. பூனைக்குப் பச்சை இறைச்சி போடாமல், வெளியே வேட்டைக்கு விடாமல் இருந்தால் இன்னும் நல்லது. இதற்காகப் பூனையைக் கொண்டுபோய் எங்கேயும் விட்டுவர வேண்டியதில்லை. கர்ப்பிணி அந்தப் பெட்டியைத் தொடாமல் வேறொருவர் அள்ளினால் போதும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, சோப்பால் கை கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்போது என் தலையில் விழுந்தது. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், கரண்டி இன்னும் கை மாறவில்லை.