கலைச் சந்தையில் பெண்களின் அரங்கு

ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தில், புதுதில்லி ஓக்லாவிலுள்ள தேசியச் சிறுதொழில் கழகத்தின் கண்காட்சித் திடலில் 'இந்தியா ஆர்ட் ஃபேர்' என்னும் கலைச் சந்தை கூடுகிறது. 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இச்சந்தைக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் கலைக்கூடங்கள் வருகின்றன. புத்தகக் கண்காட்சியில் பதிப்பகத்தார் அரங்கு எடுப்பது போலவே, கலைக்கூடங்கள் வாடகை செலுத்தி அரங்கு எடுத்து, தாம் ஆதரிக்கும் கலைஞர்களின் படைப்புகளை வைக்கின்றன. செலவு முழுவதையும் நான்கே நாள்களில் ஈடுகட்ட வேண்டும். எனவே, ஒரு கலைக்கூடம் தன் அரங்கைச் சமகாலப் பெண் கலைஞர்களுக்கு ஒதுக்குமாயின், அவர்களை நம்பித் தன் பணத்தையும் நற்பெயரையும் ஈடாக வைக்கிறது என்று பொருள்.

இந்நிலை எளிதில் வந்ததன்று. 1979இல் நியூயார்க்கில் பெண் கலைஞர்களே நடத்திய கலைக்கூடம் ஒன்றைக் கண்டு திரும்பிய நளினி மலானி, இங்கும் அத்தகைய கண்காட்சி வேண்டுமென விரும்பினார். போதிய ஆதரவு கிட்டவில்லை. இறுதியில் அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பாரேக் ஆகியோருடன் சேர்ந்து நால்வர் கண்காட்சியாக 1987 முதல் 1989 வரை அதனை நடத்தினார். அது நடைபெற்றவை வணிக நோக்கற்ற இடங்களே.

கைவினையா, கலையா?

பெண் கலைஞர்கள் பலர் தேர்ந்த பொருள்கள் வீட்டிலும் கைத்தொழிலிலும் புழங்குபவை. மிருணாளினி முகர்ஜி சாயமேற்றிய சணற்கயிற்றைத் தறியின்றிக் கையாலேயே முடிச்சிட்டு, ஆளுயரச் சிற்பங்களை எழுப்பினார். பாரதி கேர் 2006இல், சாய்ந்து கிடக்கும் யானையின் உருவம் முழுவதையும் ஒட்டுப்பொட்டுகளால் போர்த்தினார். கயிறும் நூலும் கைவினை, கல்லும் வெண்கலமும் கலை என்ற பாகுபாடு நெடுங்காலம் இத்தகைய படைப்புகளின் மதிப்பைக் குறைத்தே வைத்திருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் முகர்ஜியின் வாழ்நாள் படைப்புகளைக் காட்சிப்படுத்தியது 2019இல். அவர் மறைந்ததோ 2015இல்.

விலை யாருக்குச் சேர்கிறது?

2023 செப்டம்பரில் அம்ரிதா ஷேர்கில் 1937இல் தீட்டிய ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஷேர்கில் 1941இல், தம் 28ஆம் வயதில் காலமானவர். ஏலத் தொகை படத்தை விற்றவருக்குரியது. கலைஞருக்கு நேரடி வருவாய் தருவது முதல் விற்பனையே. அதிலும் பெரும்பாலும் பாதியளவு கலைக்கூடத்தின் பங்காகும். மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைக் கடந்தால் கலைஞருக்கோ வாரிசுகளுக்கோ பங்கு உண்டு எனப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு கூறுகிறது. அப்பங்கு 10 விழுக்காட்டிற்கு மிகாது. பதிப்புரிமைக் காலம் முடிந்தபின் அதுவும் இல்லை. ஆகவே, வாழும் கலைஞர் அடுத்த படைப்பைத் தொடங்குவதற்கான பொருள் இத்தகைய அரங்குகளில் நிகழும் முதல் விற்பனையிலிருந்தே பெரிதும் வரவேண்டியுள்ளது.

வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு

கலைப்படைப்பு வைப்புத்தொகை போன்றதன்று. அதற்கு உறுதியான வட்டியில்லை. வேண்டியபோது விற்றுப் பணமாக்கவும் இயலாது. பிடித்ததை, கைக்கு அடங்கும் தொகையில் வாங்குவதே நன்று. முதன்முறை வாங்குவோர்க்குத் தாளில் வரைந்த கோட்டோவியங்களும் அச்சோவியங்களும் ஏற்றவை. அச்சோவியமாயின் மொத்தப் படிகள் எத்தனை, தம் படி எத்தனையாவது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். விலைச்சீட்டையும் கலைஞரின் கையொப்பமிட்ட உண்மைச் சான்றிதழையும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்காதவர்களும் நுழைவுச்சீட்டுப் பெற்று அரங்குகளைச் சுற்றி வரலாம். படைப்பைப் பற்றி விளக்கக் கலைக்கூடத்தார் அங்கேயே இருப்பர், தயங்காமல் கேளுங்கள். விலையைக் கேட்குமுன் படைப்பின் எதிரே சற்று நேரம் நின்று பாருங்கள். முடிச்சிட்ட கயிற்றில் எத்தனை மாத உழைப்பு இருக்கிறது என்பது அப்போது தெரியும்.