எர்துருலின் தொப்பியும் நம் பெருநாள் துணியும்

உதுமானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துருலைப் பற்றிய துருக்கியத் தொடரை (2014 – 2019) உங்கள் வீட்டு இளைஞர்களும் கண்டிருப்பர். காஷ்மீரில் அத்தொப்பியை விரும்பி வாங்கினர். அங்கே குளிர் உண்டு. கள்ளக்குறிச்சி வெயிலுக்குக் கம்பளித் தொப்பியும் தோல் மேலாடையும் எதற்கு? கல்வராயன் மலைக்குப் போகும்போது அணிவாராம், எம் மாணவர் ஒருவர்! பெருநாள் துணிக்கே கடன் வாங்குபவர் அவருடைய அத்தா.

அத்தோற்றத்தின் அழகு விலையில் இல்லை. மண்நிறங்களிலும் உடலை இறுக்காத தையலிலும் இருக்கிறது. ஈரோட்டுப் பருத்தியில் பழுப்பும் கரும்பச்சையுமாகக் காலரில்லாச் சட்டைகள் இரண்டு தையுங்கள். சாம்பல்நிறக் காற்சட்டை ஒன்றே இரண்டிற்கும் பொருந்தும். மலைக்குளிருக்கு வீட்டிலுள்ள சால்வை போதும். வாளையும் இடைக்கச்சையையும் நாயகரிடமே விட்டுவிடுவோம்.

மாணவர் தொப்பியை மறந்துவிட்டார். சட்டையின் நீளம் குறித்துத்தான் தையற்காரரோடு இன்னும் வழக்கு நடக்கிறது.