கமக்காரருக்கு ஏற்ற மடக்குக் கத்தி

மண்வெட்டி வாங்கும் கமக்காரர் அதனைத் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், பிடியின் நேர்த்தியையும் பார்ப்பார். ஆனால் ஒரு நாளில் பன்முறை கைக்கு வரும் மடக்குக் கத்தியை மட்டும் சந்தையில் கண்ணிற் பட்டவாறே வாங்கிவருவார். வில்லுக்கத்தி என்றும் பெயர் வழங்கும் இச் சிறு கருவியே நாற்றுமுடியின் கட்டை அறுக்கின்றது. உரச் சாக்கின் தையலைப் பிரிக்கின்றது. போஞ்சிக் கொடிக்கு நூல் நறுக்குகின்றது. கத்தரியையும் பூசணியையும் காம்புடன் கொய்கின்றது. மிளகு, வெற்றிலைக் கொடிகளில் நடுகைத் துண்டம் எடுக்கின்றது. இத்தனை வேலைக்கும் உதவும் கத்தி அதிக விலையுடையதாக இருக்கவேண்டியதில்லை. தெரிவு மட்டும் சரியாக இருத்தல் வேண்டும்.

தெரிவிற் கவனம் ஏன்?

புளத்கொகுபிட்டிய அமைந்துள்ள கேகாலை மாவட்டமும் அயலிலுள்ள இரத்தினபுரி மாவட்டமும் எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களைச் சேர்ந்தவை. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீருடன் வெளியேறும் நோய்க்கிருமி வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிர்வாழ்ந்து, தோலிலுள்ள காயத்தின் வழியே உடலினுட் புகுகின்றது. பூட்டில்லாத கத்தி வேலையின் நடுவே மடங்கி விரலை வெட்டுமாயின், அக் காயத்துடன் சேற்றில் இறங்குபவர் நோய்க்கு வாயிலைத் திறந்து வைத்தவராவார். ஆகவே கத்தியின் பூட்டைப் பற்றிய கேள்வி வெறும் வசதியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியதாகும்.

அலகின் அளவும் வடிவமும்

வயலுக்கும் மரக்கறித் தோட்டத்திற்கும் 8 முதல் 10 சென்ரிமீற்றர், அதாவது 3 முதல் 4 அங்குலம் நீளமுள்ள அலகு போதுமானது. இதனிலுங் குறுகியது பூசணிக் காம்பிற்கும் வாழைச் சருகிற்கும் எட்டாது. இதனிலும் நீண்டது மடியில் இடராகும். ஆணியிலும் அதிக பளுவை ஏற்றும். தடித்த கம்பையும் மரக்கிளையையும் வெட்டுவதற்குக் கவ்வாத்துக் கத்தியும் பெரிய கத்தியும் உள. மடக்குக் கத்தியை அவ்வேலைக்கு இழுத்தல் தகாது. அலகின் முதுகு 2 மில்லிமீற்றர் அளவு தடிப்புடையதாகவும், வாய்ப்புறம் மெல்லியதாகவும் இருப்பின் கூர் எளிதில் ஏறும். நுனி ஊசிபோல் நீண்டிராமல் முதுகு சற்று வளைந்து இறங்கியிருப்பது பாதுகாப்பானது.

உருக்கின் வகை

கத்தி அலகுகள் பெரும்பாலும் இரு வகை உருக்கினாற் செய்யப்படுகின்றன. காபன் உருக்கு விரைவிற் கூரேறும். சாதாரண சாணைக்கல்லே அதற்குப் போதும். ஆனால் ஈரம் பட்டால் கறள் பிடிக்கும். குரோமியம் சேர்ந்த கறள் பிடியா உருக்குக்குப் பராமரிப்புக் குறைவு. தீட்டுவதற்குச் சற்று அதிக நேரம் செல்லலாம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயத்தில், நாள்தோறும் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசும் வழக்கமில்லாதவர் கறள் பிடியா உருக்கையே கொள்ளுதல் நன்று. அவ் வழக்கமுடையவருக்குக் காபன் உருக்கே சிக்கனமானது.

காந்தம் ஒட்டாதது கறள் பிடியா உருக்கு எனப் பலர் நம்புகின்றனர். சமையற் பாத்திரங்கள் பலவற்றிற்கு இது பொருந்தலாம். கத்தி அலகுக்குப் பொருந்தாது. அலகுக்கென வன்மையேற்றிய கறள் பிடியா உருக்கிலும் காந்தம் ஒட்டும். தேசிக்காயையோ பச்சை வாழைக்காயையோ வெட்டிச் சிறிது நேரம் துடையாமல் விட்டால், காபன் உருக்கு கருமை கொள்ளும். அக்கருமை குற்றமன்று. செந்நிறக் கறளே அகற்றப்படவேண்டியது.

சப்பிரகமுவ மண்ணுக்கு உருக்கு புதிதன்று. பலாங்கொடையை அடுத்த சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்புலைகள் அகழ்வாய்வில் வெளிப்பட்டன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய அவ்வுலைகளில் உயர் காபன் உருக்கும் பெறப்பட்டதென 1996இல் வெளிவந்த ஆய்வு எடுத்துரைத்தது. இக்காலத்துக் கொல்லர் பலர் பழைய லொறி வில்லிலிருந்து கத்தி அடிக்கின்றனர். தக்கவாறு வன்மையேற்றப்பட்டதாயின் அதுவும் நல்ல உருக்கே.

பூட்டு

விலை குறைந்த கத்திகள் சிலவற்றில் அலகு ஆணியின் இறுக்கத்தினால் மட்டுமே நிற்கும். வேறு சிலவற்றில் முதுகுப்புற வில் அலகை அழுத்தி நிறுத்தும். இவ்விரண்டும் மெல்லிய வேலைக்கு உதவும்; ஆயினும் எதிர்த்து அழுத்தினால் மடங்கிவிடும். அலகைத் திறந்த நிலையில் உறுதியாகப் பிடிக்கும் பூட்டுள்ள கத்தியே ஈரக்கைக்கு ஏற்றது.

விலை குறைவாயினும் உறுதியான பூட்டு இயலும் என்பதற்குப் பிரான்சு நாட்டுச் சவோய் மலைப்பகுதியின் ஒப்பினெல் கத்தி சான்றாகும். யோசேப்பு ஒப்பினெல் என்பவர் 1890இல் அதனை உருவாக்கினார். 1897 முதல் அளவுக்கேற்ப எண்கள் இடப்பட்டன. 1955இல் சுழலும் உலோக வளையமொன்று பூட்டாகச் சேர்க்கப்பட்டது. மரப்பிடி, அலகு, ஆணி, வளையம் என உறுப்புகள் மிகச் சிலவே. உறுப்புக் குறைந்தால் விலையும் குறையும். சேறு புகும் இடமும் குறையும். திருகாணி முடுக்கி, கத்தரிக்கோல் முதலிய பல உறுப்புகள் கொண்ட கத்தி வயலுக்கு வேண்டுவதன்று.

பிடி

மரப்பிடி கைக்கு இதமானது. ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும். வாங்கியவுடன் எண்ணெய் ஊட்டி உலர்த்தினால் இது குறையும். பிளாத்திக்குப் பிடி நீரை உறிஞ்சாது. எனினும் வழுவழுப்பாயின் கை வழுக்கும். சொரசொரப்புள்ளதையே தெரிதல் வேண்டும். கடுங்கபில நிறமோ கறுப்போ புல்லில் விழுந்தால் மறைந்துவிடும். பிடியின் துளையில் செந்நிறக் கயிறு கட்டினால் தேடுவது எளிது.

கடையிற் செய்யத்தக்க சோதனைகள்

1. அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல். ஆட்டம் இருப்பின் வாங்கலாகாது.

2. மடங்கும் வழியில் விரல் இல்லாதவாறு பிடித்து, அலகின் முதுகைப் பலகையில் மெதுவாகத் தட்டுதல். பூட்டு விடுபடலாகாது.

3. மடக்கிய கத்தியை நுனிப்புறம் கீழாகக் குலுக்குதல். அலகு தானே வெளிவரின் மடியில் வைத்தல் ஆபத்து.

4. வாயை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தல். கோணலும் பல்லும் இருக்கலாகாது.

பேணும் முறை

வேலை முடிந்ததும் அலகையும் பிடியின் உட்பள்ளத்தையும் கழுவி, உலரத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவவேண்டும். கல்லில் தீட்டும்போது அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 20 பாகைச் சரிவில் வைத்து, இரு பக்கமும் சமமாகத் தீட்டுதல் வேண்டும். மின்சாணையில் அழுத்திப் பிடித்து அலகு நீலநிறம் கொள்ளுமாயின் உருக்கின் வன்மை போய்விட்டதென அறிக. மழுங்கிய கத்தி அதிக அழுத்தம் கேட்கும்; அதனால் வழுக்கிக் கையை வெட்டுவதும் அதுவே.

பயிரின் நலமும் உழைப்பவர் நலமும்

தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பயிர்களைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோய், நோயுற்ற செடியை வெட்டிய கத்தி வழியாகவும் நலமான செடிக்குப் பரவும். ஆதலின் ஐயமுள்ள செடியைத் தொட்ட பின்னர், ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துடன் ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் அலகை நனைத்து, பின் கழுவித் துடைத்தல் வேண்டும். அக்கரைசல் இரும்பை அரிக்குமாகையால் துடைக்காது விடலாகாது. பூச்சிநாசினிப் பொதியை வெட்டிய கத்தியாற் பாக்கு வெட்டலும் பழம் நறுக்கலும் முற்றாகத் தவிர்க்கப்படவேண்டும்.

கையில் வெட்டுண்டால் தூய நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, காயத்தை மூடி, ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தல் வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியசாலையில் உசாவுக. எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிப் போகம் தொடங்குமுன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதல் நன்று. காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் தோன்றினால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுக.

கத்தி தொழிற் கருவியாகவே இருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தத் தானே பாயும் கத்தியை வாங்குதல் கூடாது. வயலிலிருந்து திரும்பியதும் கத்தியைச் சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, பேருந்துக்கும் திருவிழாவுக்கும் கொண்டுசெல்லாது விடுவதே முறை.

ஒற்றை அலகு, உறுதியான பூட்டு, வழுக்காத பிடி: இம்மூன்றும் அமைந்த எளிய கத்தியைத் தெரிந்து, நாள்தோறும் ஒரு துளி எண்ணெய் இடும் கமக்காரர், அடுத்த போகத்திற்கு வேறு கத்தி தேடவேண்டியதில்லை.