வீரனின் வாளும் பகைவனின் உள்ளமும்

கணினியிலும் கைப்பேசியிலும் இன்றைய இளைஞர்கள் ஆடும் விளையாட்டுகளுள், 'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் பாத்திரமேற்று ஆடும் வகைக்குத் தனியிடம் உண்டு. ஆடுபவர் தம்மை ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாவித்துக்கொண்டு கற்பனை நாடொன்றில் உலவுகிறார். எதிர்ப்படும் அரக்கர்களையும் கொள்ளையர்களையும் வெட்டி வீழ்த்துகிறார். ஒவ்வொரு கொலைக்கும் அனுபவப் புள்ளிகள் சேர்கின்றன. புள்ளிகள் சேரச் சேர வீரனின் வலிமை பெருகுகிறது. கதை முடிவதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்களைப் போக்கிய அவ்வீரன், உலகைக் காத்த உத்தமனாகப் போற்றப்படுகிறான்.

இதில் அறத்துக்கு இழுக்கு ஏதேனும் உண்டா? "விளையாட்டுத்தானே" என்கின்றனர் ஒரு சாரார். "கொலையைப் பழக்குகிறது" என்கின்றனர் மறுசாரார். இவ்விரு விடைகளும் கேள்வியின் மையத்தைத் தொடவில்லை என்பதே நமது கருத்து. அதனை விளங்கிக்கொள்ள, இவ்விளையாட்டு வந்த வழியை முதலில் காண்போம்.

சதுரங்கம் முதல் அரக்கர் வேட்டை வரை

போரை விளையாட்டாக்குவது புதிதன்று. இந்தியாவில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக அரபு நாடுகளை அடைந்த சதுரங்கம் போரின் வடிவமே. 'ஷத்ரஞ்ச்' ஆடுவது கூடுமா என நம் சட்ட அறிஞர்கள் நெடிது விவாதித்துள்ளனர். சிலர் அதனை ஹராம் என்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, சூது கலவாதவிடத்து அது மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். எனினும் சதுரங்கத்தில் காயை வெட்டுவது எவருடைய மனத்தையும் உறுத்துவதில்லை. கறுப்புக் காய்கள் தீயவையும் அல்ல, வெள்ளைக் காய்கள் நல்லவையும் அல்ல. எதிரே அமர்ந்திருப்பவர் நம்மையொத்த மனிதர். அடுத்த ஆட்டத்தில் நாம் கறுப்பையும் அவர் வெள்ளையையும் எடுத்துக்கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் பயிற்சிக்காக ஆடிய போர் விளையாட்டிலும், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு வகுத்த விளையாட்டிலும் இதே நிலைதான். இரு அணிக்கும் மனிதர் இருந்தனர்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். இன்றைய பாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் இதுவே எனலாம். கணினி தேவைப்படாத இவ்விளையாட்டில் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவர். இதில் ஒரு மாற்றம் நேர்ந்தது. ஆட்டக்காரர்கள் அனைவரும் ஓரணியாயினர். எதிரிகளை நடுவரே நடத்தினார். பகைவன் வெல்ல வேண்டுமென விரும்பி ஆடுவோர் எவரும் மேசையில் இல்லாமற் போயினர்.

தனக்கென ஓர் ஆட்டக்காரர் இல்லாத பகைவன் ஏன் கொல்லப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் தேவைப்பட்டது. அக்காரணத்தை விதிநூலே வழங்கியது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அறச்சார்பு வகுக்கப்பட்டது. முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றாக இருந்த இப்பகுப்பு, 1978இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில் நன்மை, தீமை என்பவற்றையும் சேர்த்து ஒன்பதாக விரிந்தது. 'ஓர்க்' என்னும் அரக்க இனத்தின் பெயருக்கு நேரே 'தீமை' என்று அச்சிடப்பட்டிருந்தது. 'பாலடின்' எனப்படும் புனித வீரனுக்கோ, எதிரே நிற்பவரிடம் தீமை உள்ளதா எனக் கண்டறியும் ஆற்றலே தரப்பட்டிருந்தது. பகைவனின் உள்ளம் திறந்த ஏடாயிற்று. அதைப் படித்துவிட்டு வாளை உருவினால் போதும்.

படைத்தவரின் உறுத்தல்

ஆரம்பகால விதிகள் கொலையை மட்டுமே ஊக்குவித்தன எனக் கூறுவது நியாயமாகாது. அன்று அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி புதையலை மீட்பதற்கே கிடைத்தது. எதிர்ப்படும் உயிரினம் பகை கொள்ளுமா, பேச முன்வருமா என்பதையும் பகடையே தீர்மானித்தது. துணிவிழந்த எதிரி ஓடவும் சரணடையவும் விதியில் இடமிருந்தது. ஆகவே, பேச்சாலோ தந்திரத்தாலோ சண்டையைத் தவிர்ப்பவரே அறிவாளியாகக் கருதப்பட்டார். இவ்விளையாட்டு கணினிக்குச் சென்றபோது இந்நுட்பங்களுள் பல உதிர்ந்துபோயின. பேச்சுவார்த்தையை நிரலாக எழுதுவது கடினம். 'கொன்றால் இத்தனை புள்ளி' என எழுதுவது எளிது.

ஓர்க் இனத்தை இவ்விளையாட்டுக்குத் தந்தவை டோல்கியனின் நாவல்கள். 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியாயிற்று. ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையாளரான அவரை, தாம் படைத்த அந்த இனமே வாட்டியது. தீய சக்தியால் உயிரைப் படைக்க இயலாது, கெடுக்கவே இயலும் என்பது அவரது கொள்கை. அவ்வாறாயின் ஓர்க்குகள் கெடுக்கப்பட்ட உயிர்களாகவே இருக்க வேண்டும். அவற்றுக்கு ஆன்மா உண்டாயின் மீட்சியும் உண்டல்லவா? மீட்சி உண்டாயின் அவற்றை இரக்கமின்றிக் கொல்வது எங்ஙனம் தகும்? 1973இல் மறையும் வரை அவர் இதற்கு வெவ்வேறு விளக்கங்களை எழுதிப் பார்த்தார்; எதிலும் நிலைகொள்ளவில்லை. அக்குறிப்புகளை அவருடைய மகன் 1993இல் பதிப்பித்தார்.

விளையாட்டிலும் இவ்வுறுத்தல் தலைகாட்டிற்று. கைகாக்ஸ் 1979இல் எழுதிய புகழ்பெற்ற சாகசக் கதையொன்றில், அரக்கர் குகைகளில் போரிடாத பெண்களும் குட்டிகளும் இருப்பதாகக் குறித்திருந்தார். ஆண்களைக் கொன்று முடித்த வீரர்கள் அக்குட்டிகளை என்ன செய்வது என்று ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். 'இயல்பிலேயே தீமை' என்னும் அச்செழுத்து, ஒரு குட்டியின் முன்னே தடுமாறிவிடுகிறது. இறுதியில், இவ்விளையாட்டை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020 ஜூனில் ஓர் அறிக்கை விடுத்தது. ஓர்க் முதலிய இனங்களின் பழைய வருணனைகளுள் சில, மெய்யுலகில் மனிதக் குழுக்களை இழிவுபடுத்திய முறையை ஒத்திருந்தன என அது ஒப்புக்கொண்டது. இனி அவ்வினங்களும் பிறரைப் போலவே நன்மையும் தீமையும் கலந்தவையாகக் காட்டப்படும் என்றும் அறிவித்தது.

பழகுவது எது?

கற்பனை அரக்கனைக் கொல்வதால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை என்பது உண்மை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானமும், வன்முறை விளையாட்டுகளுக்கும் கூச்சலிடுதல், தள்ளிவிடுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களுக்கும் சிறு தொடர்பு உண்டென்றே கூறுகிறது. மெய்யான வன்செயல்களுக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்பதையும் அது தெளிவுபடுத்துகிறது. எனவே, விளையாடும் பிள்ளையைக் கொலைகாரனாகப் பார்ப்பது அநீதி.

ஆனால், பழக்கத்தைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் விளக்கியிருப்பது ஈண்டு கருதத்தக்கது. அழகிய கையெழுத்தை விரும்புபவன் தொடக்கத்தில் வல்லவரைப் பார்த்து முயன்று எழுதுகிறான். நாளடைவில் அது அவனுடைய இயல்பாகவே ஆகிவிடுகிறது. பண்புகளும் அவ்வாறே படிகின்றன என்கிறார்கள் இமாம் அவர்கள். அவ்வாறாயின் இவ்விளையாட்டில் பழகுவது எது? வாள் வீசுவதற்கு நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பே வரப்போவதில்லை. எதிரே வருபவனின் தோற்றத்தையும் இனத்தையும் கண்ட கணமே அவன் தீயவன் என்று தீர்ப்பளிப்பதற்கோ ஒவ்வொரு நாளும் வாய்ப்பு வருகிறது.

இத்தீர்ப்பு கற்பனை நாட்டோடு நின்றுவிடவில்லை. 2007இல் வெளியான 'கால் ஆஃப் டியூட்டி'யின் நான்காம் பாகத்தில், பெயரிடப்படாத மத்திய கிழக்கு நாடொன்றின் வீரர்கள் ஓர்க் நின்ற இடத்தில் நிறுத்தப்பட்டனர். அது நம்மைப் புண்படுத்துகிறது. ஆயின் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம் 2003இலேயே வெளியிட்ட 'ஸ்பெஷல் ஃபோர்ஸ்' விளையாட்டு, இஸ்ரேலிய வீரர்களை அதே இடத்தில் நிறுத்தியிருந்தது. அச்சு ஒன்றே, வார்க்கப்பட்ட முகம்தான் வேறு.

மெய்யான போர்க்களத்தில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்புநோக்குவோம். முஸ்லிம்களைத் தாக்கிக்கொண்டிருந்த ஒருவரை உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் மடக்கினார்கள். அந்த மனிதர் கலிமாவை மொழிந்தார். வாளுக்கு அஞ்சியே மொழிந்தார் எனக் கருதி உஸாமா அவரைக் கொன்றுவிட்டார்கள். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருள்படக் கடிந்துகொண்டார்கள். அன்றுதான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கலாகாதா என்று உஸாமா ஏங்குமளவுக்கு அக்கண்டனம் திரும்பத் திரும்ப வந்தது. சூழ்நிலைச் சான்றுகள் அனைத்தும் உஸாமாவின் பக்கமே இருந்தன. ஆயினும் பிறர் உள்ளத்தை அறிந்தவராகச் செயல்படும் உரிமை அவருக்கு அளிக்கப்படவில்லை. விளையாட்டின் விதிநூல் தன் வீரனுக்கு முதல் பக்கத்திலேயே வழங்கும் உரிமையும் அதுவே.

இவ்வுரிமையைக் கேள்விக்கு உள்ளாக்கும் விளையாட்டுகளும் இல்லாமலில்லை. ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா'வின் நான்காம் பாகத்தில், இறுதியில் கொல்லப்பட வேண்டிய கொடியவனே இல்லை. வாய்மை, இரக்கம், நீதி, பணிவு உள்ளிட்ட எட்டுப் பண்புகளில் தேறுவதே அதன் இலக்கு. பார்வையற்ற வணிகரிடம் காசைக் குறைத்துக் கொடுத்தாலும் பண்பு குன்றும். டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' விளையாட்டில் எதிரிகள் அனைவரையும் கொல்லாமல் விட்டுவிட இயலும். கொன்று புள்ளி சேர்த்தவருக்கோ, அவை அனுபவப் புள்ளிகளல்ல, கொலைக் கணக்கே என்று முடிவை நெருங்கும்போது சொல்லப்படுகிறது. ஒருவரையும் விடாமல் கொன்று முடித்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாலும் அதன் கறை பின்வரும் முடிவுகளில் தென்படுகிறது.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் விளையாட்டுக் கருவியைப் பறிப்பதற்கு முன் பிள்ளையின் அருகே சற்று அமர்வது நலம். எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்பதைவிட, அவன் தீயவன் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பது பயன் தரும். விளையாட்டே சொல்லிற்று என்று பிள்ளை விடையளிக்கும். அவ்வாறு சொல்லித்தர விளையாட்டுக்கு வெளியே எவருமில்லை என்பதையும், அங்கே மனிதரைப் பேசிப் பழகியே அறிய வேண்டும் என்பதையும் அப்போது எடுத்துரைக்கலாம்.