இழுப்பறையில் தூங்கிய கடிதம். நின்று போன பென்ஷன்

முதியோர் இல்லங்களில் தபாலுக்கும் சோப்புக்கும் கணக்கு வேண்டும்

(நமது பகுதி நேர நிருபர்)

பெங்களூரு நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே வசிக்கும் 78 வயது மூதாட்டிக்குச் சொந்த ஊர் ஜோலார்பேட்டை. கணவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து காலமானவர். குடும்பப் பென்ஷன் ஒன்றுதான் அம்மையாருக்கு ஆதாரம்.

ஒரு டிசம்பரில் அந்தப் பென்ஷன் வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை. "பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட சோப்பு கடன் வாங்கிக் குளிச்சேன் தம்பி" என்று அவர் சொன்னபோது கண் கலங்கியது.

நான் ரயில்வே குமாஸ்தா என்பதால் விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும்படி வங்கி எழுதிய கடிதம் இல்லத்தின் அலுவலக இழுப்பறையில் கிடந்தது. உறை கிழிக்கப்பட்டிருந்தது. உரியவர் கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. "வங்கி விளம்பரம் என்று நினைத்து விட்டோம்" என்றார் மேலாளர்.

நவம்பர் மாதக் கெடு

மத்திய அரசு, ரயில்வே பென்ஷன்தாரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் இந்தச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு கிடைக்கும்.

இதற்காக நடக்க முடியாதவர்கள் வங்கிக்கு அலைய வேண்டியதில்லை. ஆதார் மூலம் பதிவு செய்யும் 'ஜீவன் பிரமாண்' முறை 2014-ல் வந்தது. 2020 முதல் தபால்காரரே கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து பதிவு செய்கிறார். 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியும் பதிவு செய்யலாம். நம் மூதாட்டிக்கும் தபால்காரர்தான் கட்டிலருகே வந்து கைரேகை வாங்கினார். நிலுவைப் பணமும் வந்து சேர்ந்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

எங்கள் அலுவலகத்தில் எந்தத் தபால் வந்தாலும் முதலில் நோட்டில் ஏறும். பிறகுதான் மேஜைக்குப் போகும். இல்லங்களிலும் இதைச் செய்யலாம். தேதி, அனுப்பியவர், பெறுபவர், பெற்றதற்குக் கையெழுத்து அல்லது கைநாட்டு. நான்கு பத்தி போட்டால் தீர்ந்தது.

உறையைப் பிரிக்கும் உரிமை பெயருக்கு உரியவருடையது. நம்மவர்கள் பலருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் படிக்க வராது. அவர்கள் கேட்டால், அவர்கள் எதிரிலேயே பிரித்து, தமிழில் சொல்லி, கடிதத்தை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். நினைவு தவறியவர்களுக்கு வரும் தபாலை யார் பார்ப்பது என்பதைச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சோப்பும் சொந்தச் சொத்தே

ஊரிலிருந்து வரும் மகளோ மருமகளோ தேங்காய் எண்ணெய், சீயக்காய், பல்பொடி, திருநீறு என்று பை நிறைய வாங்கி வருகிறார்கள். சில இடங்களில் அது பொது அலமாரிக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் கேட்டால் தீர்ந்து போயிருக்கும்.

இது பணக் கணக்கு மட்டும் அல்ல. ஒருவருடைய பிளேடை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம். துண்டும் படுக்கைத் துணியும் மாறினால் சொறி சிரங்கு பரவும். பல்செட் மாறினால் சாப்பாடே இறங்காது. டயாபர் இடுப்பளவு பார்த்து வாங்குவது. ஒருவருடையது மற்றவருக்குச் சரிப்படாது.

மேலாளர் தரப்பையும் கேட்டேன். "ஆள் குறைவு. நினைவு தவறியவர்கள் சோப்பைத் தின்று விடுகிறார்கள். அதனால் பூட்டி வைக்கிறோம்" என்றார். நியாயம்தான். ஆனால் பூட்டி வைப்பது வேறு, பொதுவில் கலப்பது வேறு. ஆளுக்கொரு பெட்டி, அதன்மேல் பெயர், உள்ளே சாமான் பட்டியல். இவ்வளவு இருந்தால் பூட்டினாலும் குறை இல்லை.

அந்த இல்லத்தில் இப்போது நோட்டு போட்டிருக்கிறார்கள். அதன் முதல் பக்கத்தில் மூதாட்டியின் கைநாட்டு இருக்கிறது. வந்தது பேரன் எழுதிய கார்டு.

பெரியவர்களை இல்லத்தில் சேர்த்திருக்கும் வாசகர்கள் அடுத்த முறை போகும்போது சாப்பாட்டை விசாரிப்பதோடு, "தபால் நோட்டு எங்கே?" என்றும் கேளுங்கள். நவம்பருக்கு முன்பே கேளுங்கள்.