சுபாவம் மாறுமா?

இரக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை அறிந்திருந்தும், "நாற்பது வயதுக்கு மேல் சுபாவம் மாறுமா?" என்று கேட்டுத் தப்பித்துக்கொள்கிறோம் அல்லவா?

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார், 20 முதல் 55 வயதுடையோருக்கு 9 மாதங்கள் மனப்பயிற்சி அளித்தனர். கவனம், பரிவு, பிறர் மனமறிதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 3 மாதங்கள். பரிவுப் பயிற்சியில், ஒருவர் தம் துயரையும் நன்றியுணர்வையும் எடுத்துரைக்க, மற்றவர் குறுக்கிடாது செவிமடுத்தார். 2017இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது: கவனம் பயின்றபோது மூளைப் புறணியில் ஒரு பகுதியும், பரிவு பயின்றபோது வேறொரு பகுதியும் சற்றே தடித்திருந்தன.

ஆகவே, அன்பர்களே! சுபாவம் கல்மேல் எழுத்தன்று; பழகப் பழக மாறக்கூடியது. இன்றே இல்லத்தாரின் குறையை இடைமறிக்காது கேட்கத் தொடங்குங்கள்.