போத்தலுக்குள் முளைக்கும் பயறு

ஐரோப்பியப் பாலர் பாடசாலைகளில் ஈரப்பஞ்சின்மேல் கீரைவிதை தூவி, அது முளைப்பதைச் சிறார்க்குக் காட்டுவர். வீடு திரும்பும் பிள்ளை அதனை அந்நாட்டு மொழியிலேயே விவரிக்கும். அதே பாடத்தைத் தமிழில் நடத்த நம் சமையலறையே போதும்.

முழுப்பயறு பத்தும் உடைத்த பயற்றம்பருப்பு பத்தும் ஓரிரவு ஊறட்டும். மறுநாள் இரு கண்ணாடிப் போத்தல்களின் உட்புறத்தில் ஈரக் கடதாசியைச் சுற்றி, கடதாசிக்கும் கண்ணாடிக்கும் இடையே அவற்றைத் தனித்தனியே செருகுங்கள். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுச் சூடு போதுமானது. தொடக்கத்தில் வெளிச்சங்கூட வேண்டியதில்லை. இரண்டொரு நாளில் முழுப்பயற்றில் வெண்ணிற வேர் தலைநீட்டும். பருப்போ வெறுமனே ஊறி நாறும். ஏனென்று பிள்ளை கேட்கும்; கேட்கட்டும். பயற்றின் இரு பாதிகளும் உணவுக் களஞ்சியம். அவற்றிடையே ஒட்டியிருக்கும் சிறு கருவே செடியாகிறது. உடைத்துத் தீட்டுகையில் அது சிதைந்துவிடுகிறது.

வேர் சற்று நீண்டதும் போத்தலைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாளே வேர்நுனி வளைந்து மீண்டும் கீழ்நோக்கியிருக்கும். (பெரியவர்களும் இதனை வியந்து பார்ப்பர்.) வேர்நுனிக் கலங்களில் உள்ள மாப்பொருள் மணிகள் புவியீர்ப்பினால் அடிப்பக்கம் சேர்வதே வேருக்குத் திசைகாட்டி.

வித்து, முளை, தளிர், கன்று எனும் சொற்களை அந்தப் போத்தலைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு பிள்ளைக்கே இருக்கட்டும்.